சேர்மனாக ஜெயித்தாயிற்று. ஒரு வருடத்தில் எதை முதலில் பிடிப்பது?

கூடுதுறை

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஈரோடு பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். போன வாரம் நடந்த மாணவர் பேரவைத் தேர்தலில் சேர்மனாக ஜெயித்தேன். இதுவரை மார்க் லிஸ்ட்டைப் பார்த்து ஆசிரியர்களே ஒருவரை நியமித்துவிடுவார்கள். இந்த வருடம்தான் வகுப்புக்கு வகுப்பு பெட்டி வைத்து ஓட்டுப் போட்டோம். மாணவர் தேர்தலுக்கு விதி வகுத்த லிங்டோ குழு சொன்னபடி அச்சடித்த போஸ்டர் கூடாது என்பதால் சார்ட் அட்டையில் நாங்களே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினோம்.

ஓட்டுக் கேட்கப் போன இடமெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பரில் எனக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியே நடத்தும் தேர்வில், 25-க்கு 11. நோட்டீஸ் போர்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எந்தக் கணக்கில் தப்பு விட்டேன், எங்கே மார்க் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விடைத்தாளைக் காட்டுங்கள் என்று கேட்கவும் இல்லை. பயந்து கேட்காமல் இருந்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பவானியில் ஜமக்காளத் தறிக்கு நூல் சுற்றுகிறார். "வாத்தியார் போட்டா சரியாத்தான் இருக்கும் கண்ணு" என்றார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

நான் ஓட்டுக் கேட்ட வகுப்புகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இதே கதை. அதனால் முதல் குறிக்கோளாக, இன்டர்னல் தேர்வு முடிந்து பத்து நாளுக்குள் திருத்திய தாள் மாணவர் கைக்கு வர வேண்டும் என்று சொன்னேன். அப்புறம் காலை ஃபர்ஸ்ட் அவரை ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்கு மாற்றுவது, நூலகத்தை மாலை ஏழு மணி வரை திறந்து வைப்பது, தமிழ்வழியில் படித்து வருகிற பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் உதவி, ஆசிரியர்கள் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்று பேர் போடாமல் எழுதித் தரும் படிவம். இப்படி ஐந்து சொல்லிவிட்டேன். ஜெயித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. கல்லூரி முதல்வரை அடுத்த வாரம் பார்க்கப் போகிறேன். எதை முதலில் பிடிக்கட்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்மண்டி

வாழ்த்துகள் அம்மிணி. ஐந்தும் நல்லதுதான். ஆனால் பெற்றவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். என் பையன் பி.காம். முடித்தான். மண்டியில் கூட வந்து உட்கார்ந்தால் ஜி.எஸ்.டி. பில் ஒன்று ஒழுங்காகப் போடத் தெரியவில்லை. மூன்று வருடம் என்ன படித்தான் என்று எனக்குப் புரியவில்லை. பாடத்தையே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கூடுதுறை

ஐயா, எங்களுடையது பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. பாடத்தைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு முடிவு செய்யும். ஒரு கல்லூரி சேர்மன் சொல்லி மாறாது. செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய சேர்மன்

தங்கை, நேர்மையாகப் பதில் சொன்னாய். அந்த ஐயாவுக்கு ஒரு தகவல் மட்டும்: தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுவை அந்தக் கல்லூரியே அமைத்துக்கொள்ளும். அதில் முன்னாள் மாணவர் ஒருவருக்கும், தொழில் துறையிலிருந்து ஒருவருக்கும் இடம் உண்டு. பையன் படித்தது அப்படிப்பட்ட கல்லூரி என்றால், அங்கே போய்ச் சொல்வதற்கு வழி இருக்கிறது. மண்டியில் கணக்கு எழுதுகிறவர் சொன்னால் கட்டாயம் கேட்க வேண்டிய இடம் அது.

இனி உன் கேள்வி. தொண்ணூறுகளில் நானும் கோவையில் ஒரு கல்லூரியில் சேர்மனாக இருந்தேன். ஒரு வருடம் முழுவதும் ஆண்டு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது, கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் யார், மேடையில் யார் உட்கார்வது என்பதிலேயே போய்விட்டது. கடைசி வாரம் வேதியியல் மாணவன் ஒருவன் வந்து, "அண்ணா, லேபில் இரண்டு வருடமாக ப்யூரெட் என்ற அளவுக் குழாய் பத்தாமல் மூன்று பேருக்கு ஒன்றாகச் செய்கிறோம், ஒரு தடவை சொல்லியிருக்கலாமே" என்றான். அந்த வருடம் முழுக்க நான் அந்த லேபுக்குள் காலடி வைத்ததில்லை. முப்பது வருடம் ஆகியும் அது எனக்குள் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

அதனால் சொல்கிறேன், எதைக் கேட்டாலும் எழுத்தில் கேள். தேதி போடு. இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போ. ஒன்றில் அலுவலக சீல் வாங்கிக்கொள். 2023-இல் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறையைப் படித்துவிட்டுப் போ. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் ஒரு மாணவப் பிரதிநிதி சிறப்பு அழைப்பாளராக உட்கார வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். மதிப்பீட்டில் வெளிப்படைத்தன்மை இல்லாததும் அந்த விதியில் குறையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. உன் முதல் குறிக்கோள் அதற்குள் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள். 2011-இல் சி.பி.எஸ்.இ. வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரும் 'தகவல்'தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. இதைக் கையில் வைத்துக்கொள், ஆனால் முதல் நாளே நீட்டாதே. முதலில் கேட்டுப் பார். கேட்டாலே கிடைக்கிற இடங்களும் இருக்கின்றன.

நொய்யல்கரை

நான் ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கூடுதுறை, நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தபோது கோபம் உங்கள் மேல் இல்லை என்று புரிந்தது. அதனால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

எனக்கு நான்கு வகுப்பு. வகுப்புக்கு 60 பேர் என்றால் ஒரு இன்டர்னலுக்கு 240 தாள். ஒரு தாளுக்கு ஆறு நிமிடம் ஒதுக்கினாலும் 24 மணி நேரம் ஆகிறது. அதையும் வகுப்பு நேரத்துக்கு வெளியே, வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் பார்க்க வேண்டும். எங்கள் சம்பளத்தை 2023-இல் மாதம் 25,000 ரூபாயாக உயர்த்தினார்கள். யூ.ஜி.சி. 2019-இல் சொன்னது ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை. அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட என்னோடு இருக்கிற பலர் மாலையில் டியூஷன் எடுக்கிறார்கள். தாள் ஏன் தாமதமாகிறது என்று மாணவர்கள் கேட்பது நியாயம். அந்தக் கேள்வியை எங்கள் மேசையோடு நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது, அந்தப் பேர் போடாத படிவம். அது யார் கைக்குப் போகும் என்று யோசித்தீர்களா? நிரந்தரப் பேராசிரியருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆண்டுக்கு ஆண்டு மறுநியமனத்துக்குக் காத்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு, கண்டிப்பாக இருந்ததற்காக நான்கு பேர் கோபத்தில் எழுதியது போதும், அடுத்த ஜூனில் பெயர் பட்டியலில் இருக்காது. அப்படி ஒரு படிவம் வந்தால் நான் அட்டெண்டன்ஸில் கண்டிப்பு காட்ட மாட்டேன், கேட்டவனுக்கெல்லாம் மார்க் போட்டுவிடுவேன். நான் மட்டும் இல்லை, எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். அதனால் படிப்பு உயருமா?

குறை சொல்வதோடு நிறுத்த விரும்பவில்லை. நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தேர்வு முடிந்த அன்று மாலையே விடைக்குறிப்பை, எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்பதோடு, வகுப்புக் கதவில் ஒட்டிவிடுவேன். அதை எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். கேள்வித்தாள் தயாரிக்கும்போதே பாதி எழுதிவிடலாம். மாணவர்கள் வினாத்தாளோடு கதவுக்கு முன்னால் நின்று பேசிக்கொள்வார்கள். "மூன்றாவது படியில் குறி மாற்றிவிட்டேன்" என்று அங்கேயே தெரிந்துவிடும். தேர்வு எழுதிய சூடு ஆறுவதற்குள் தெரிகிற தப்புதான் மனதில் நிற்கிறது. நீங்கள் கேட்கும் தாள் பத்து நாள் கழித்து வந்தாலும், அதற்கு முன்பே பாடம் நடந்துவிடுகிறது.

கூடுதுறை

மேடம், படிவத்தை இந்தப் பக்கமிருந்து நான் யோசிக்கவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் துறையில் மிக நன்றாக நடத்துகிற இரண்டு பேர் உங்களைப் போலத்தான் இருக்கிறார்கள். அவர்களை மாட்டிவிடுகிற எதையும் நான் செய்ய மாட்டேன். அதை எடுத்துவிடுகிறேன்.

விடைக்குறிப்பு யோசனையைப் படித்துவிட்டு நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு 11 மார்க் வந்த அந்த நாளில் இப்படி ஒரு தாள் கதவில் இருந்திருந்தால்!

திம்பம்27

நான் தாளவாடி பக்கம். கீழே சத்தியமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம். தினமும் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி, திரும்ப ஏறுகிறேன். ஒரு லாரி வளைவில் மாட்டினால் அன்றைக்கு முதல் இரண்டு அவர் போச்சு. ஃபர்ஸ்ட் அவரை அரை மணி தள்ளி வைத்தால் எனக்கு நல்லதுதான். ஆனால் மாலையில் அரை மணி தள்ளிப் போனால் கடைசி பஸ்ஸை விடுவேன், அக்கா. மலைப் பிள்ளைகளுக்குக் காலையைவிட மாலைதான் பயம். வழியில் யானை நிற்கும்.

வேறு மாதிரி கேளுங்கள். எங்கள் டைம்டேபிளில் வாரத்தில் நான்கு நாள் ஃபர்ஸ்ட் அவர் ஒரே பேப்பர். பஸ் தாமதமானால் அந்த ஒரு பேப்பரில் மட்டும் நான் ஓட்டையாகிறேன். போன செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய், அதை மன்னிக்கக் கட்டும் கண்டோனேஷன் கட்டணம் கட்டினேன், அப்படியும் அந்தப் பேப்பர் அரியர். ஃபர்ஸ்ட் அவரை ஒரே பேப்பருக்கு வைக்காமல் நாளுக்கு ஒன்றாகச் சுற்றி வைத்தால், தவறுவதும் பங்காகப் போகும், பிடித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. டைம்டேபிள் போடுகிறவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

தறிச்சத்தம்

நூலகம் பற்றி ஒரு வார்த்தை. நான் பல்லடத்திலிருந்து வருகிறேன். கல்லூரி விட்டதும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கும் உதவி வேலைக்குப் போகிறேன். ஆர்டர் அவசரம் என்றால் கூடுதல் நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரப் பதினொன்று ஆகும். தமிழ்ப்புதல்வன் பணம் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அது ஜெராக்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கிறது. வீட்டுக்கு மேலும் தேவை. ஏழு மணி வரை நூலகம் திறந்திருந்தால் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் பயன். எங்கள் மாதிரி ஆட்களுக்கு மதியம் இரண்டாவது அவரில் ஒரு நூலக வகுப்பு இருந்தால்தான் புத்தகத்தைத் தொட முடியும்.

மஞ்சள்மண்டி

தம்பி, படிக்கிற வயதில் ராத்திரி பதினொரு மணி வரை வேலை என்றால் படிப்பு எப்படி ஏறும்? மூன்று வருடம் பொறுத்துக்கொண்டால் அப்புறம் வாழ்நாள் முழுவதும் சம்பாதிக்கலாமே.

தறிச்சத்தம்

பொறுத்துக்கொள்ள முடிகிற வீடாக இருந்தால் பொறுத்திருப்பேன், ஐயா. அப்பா விசைத்தறி ஓட்டினார். இப்போது முதுகு வலியால் முழு ஷிப்ட் நிற்க முடியவில்லை. தங்கை பத்தாவது. எங்கள் வகுப்பில் என்னைப் போல எட்டுப் பேர் இருக்கிறோம். கல்லூரியில் யாரும் எங்களைக் கணக்கெடுத்ததில்லை. முதல் அவரில் தூங்கினால் எழுப்பி வெளியே அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

மஞ்சள்மண்டி

தெரியாமல் சொல்லிவிட்டேன் தம்பி, மனதில் வைத்துக்கொள்ளாதே. கூடுதுறை அம்மிணி, இந்தக் கணக்கை எடுங்கள். எத்தனை பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், எத்தனை பேர் எந்த பஸ்ஸில் வருகிறார்கள். கணக்கு இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நிற்காது. முப்பது வருடமாக மண்டியில் உட்கார்ந்து நான் கற்றது இது ஒன்றுதான்.

சுண்ணக்கட்டி

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உதவி என்ற அந்த நான்காவது குறிக்கோளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். எனக்கு அதுதான் மிக நெருக்கம்.

நம் ஊருக்கு இதில் ஒரு சரித்திரமே இருக்கிறது கண்ணு. 1960-இல் கல்லூரிப் பட்டப் படிப்பைத் தமிழில் சொல்லித் தரலாமா என்று சோதித்துப் பார்த்தது கோவை அரசு கலைக் கல்லூரியில்தான். அப்போது கல்வி அமைச்சர் பொள்ளாச்சி பக்கத்து சி.சுப்பிரமணியம். அதற்கு முன்பே, தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதியாகக் கொண்டுவர முன்னின்றவர் தி.சு.அவினாசிலிங்கம். அதன் முதன்மை ஆசிரியராக இருந்து உழைத்த பெரியசாமித் தூரன் மொடக்குறிச்சி பக்கத்து ஆள். கோவையில் ஜி.ஆர்.தாமோதரன் கலைக்கதிர் என்று ஓர் அறிவியல் மாத இதழையே நடத்தினார். அறிவியலைத் தமிழில் சொல்ல வார்த்தை இல்லை என்று இந்த மண்ணில் ஒருவரும் சொல்லக் கூடாது.

வகுப்பறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்ணுக்கு வகைக்கெழு தெரியும், அணி தெரியும், சார்பு தெரியும். நன்றாகவே தெரியும். கல்லூரியில் முதல் நாள் டெரிவேட்டிவ், மேட்ரிக்ஸ், ஃபங்ஷன் என்று கரும்பலகையில் விழுகிறது. தனக்குத் தெரிந்த பொருளையே தெரியாது என்று நினைத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போகிறாள். இரண்டு மாதம் கழித்து அது இதுதான் என்று புரியும்போது முதல் இன்டர்னல் முடிந்திருக்கும். உன்னுடைய அந்த 11 மார்க்கும் இதில் பட்டதாக இருக்கலாம்.

பெரிய மொழிபெயர்ப்பெல்லாம் வேண்டாம். ஒரு பேப்பருக்கு இருநூறு சொல். இடப் பக்கம் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல், வலப் பக்கம் கல்லூரியில் சொல்லும் சொல். மூன்றாம் வருட மாணவர்கள் உட்கார்ந்தால் ஒரு சனிக்கிழமையில் முடியும். ஜெராக்ஸ் எடுத்து முதலாம் வருடத்துக்கு முதல் நாளே கொடுங்கள். சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், பஸ் செலவும் என்னுடையது.

பழைய சேர்மன்

ஐயா, வணங்குகிறேன். ஒரு சந்தேகம். தமிழைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தால் வேலைக்குப் போகும்போது ஆங்கிலத்தில் திணற மாட்டார்களா?

சுண்ணக்கட்டி

நிற்க வைக்கச் சொல்லவில்லை தம்பி, தாண்ட வைக்கச் சொல்கிறேன். வலப் பக்கம் இருப்பது ஆங்கிலச் சொல்தானே. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததுக்குப் போகிறாள். இதற்கு மேல் என்ன ஆங்கிலப் பயிற்சி வேண்டும்? தமிழ்வழியிலேயே படித்து முடிக்கிறவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத இட ஒதுக்கீடு 2010-லிருந்து இருக்கிறது. அது தனி. நான் பேசுவது முதல் இரண்டு மாதத்தைப் பற்றி மட்டும்.

கூடுதுறை

இன்று முதல்வரைப் பார்த்துவிட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மஞ்சள்மண்டி ஐயா சொன்னபடி போன வாரமே கணக்கெடுத்தோம். வகுப்புப் பிரதிநிதிகள் ஒவ்வொருவரும் ஒரு தாள் சுற்றுக்கு விட்டார்கள்: எந்த பஸ், வேலைக்குப் போகிறீர்களா, பன்னிரண்டாம் வகுப்பு எந்த மொழியில். பேர் எழுத வேண்டாம் என்றோம். என் வகுப்பில் மட்டும் 52 பேரில் 14 பேர் மாலை வேலைக்குப் போகிறார்கள். இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், எனக்குத் தெரியவில்லை. தாளைப் படித்தபோது கஷ்டமாகிவிட்டது.

குறைதீர்ப்புக் குழுவில் மாணவர் இடம் இத்தனை நாள் காலியாக இருந்திருக்கிறது. அதை நிரப்பும்படி எழுதிக் கொடுத்தேன். சிறப்பு அழைப்பாளரைப் படிப்பு, விளையாட்டு போன்றவற்றின் அடிப்படையில் நியமிப்பதுதான் விதி, சேர்மன் என்பதால் எனக்கு வந்துவிடாது என்றார். சரி என்றேன். யாராவது ஒருவர் உட்கார்ந்தால் போதும். நகலில் சீல் வாங்கிவிட்டேன், அண்ணா.

ஃபர்ஸ்ட் அவர் நேரத்தை மாற்ற முடியாது என்று உடனே சொல்லிவிட்டார். திம்பம் தம்பி சொன்ன சுற்று முறையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டைம்டேபிள் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். அடுத்த செமஸ்டரிலிருந்து செய்யலாம் என்று அவர் சொன்னார். எழுத்தில் இன்னும் வரவில்லை. நூலக நேரத்துக்கு ஆள் இல்லை என்றார். மதிய நூலக வகுப்பைத் துறைகளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அது நடக்கும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனால் விடமாட்டேன்.

தாள் விஷயம்தான் கடினமாக இருந்தது. "எல்லாத் துறைக்கும் பத்து நாள் என்று சுற்றறிக்கை போட்டால் ஆசிரியர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்" என்றார். நொய்யல்கரை மேடம் சொன்ன 240 தாள், 24 மணி நேரக் கணக்கை அவரிடம் நானே சொன்னேன். அவர் முகம் மாறியது. "இதை மாணவர் பக்கத்திலிருந்து யாரும் இதுவரை சொன்னதில்லை" என்றார். முடிவாக, வருகிற இன்டர்னலில் எங்கள் கணிதத் துறையில் மட்டும் தேர்வு முடிந்த அன்றே விடைக்குறிப்பு ஒட்டுவது, தாளைப் பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் துறைக்குப் போய்ப் பார்ப்பது என்று ஒத்துக்கொண்டார். எங்கள் துறைத் தலைவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பார்க்க வருகிறவர்கள் மார்க் கூட்டச் சொல்லி வாதாடக் கூடாது, எங்கே தப்பு என்று மட்டும் கேட்க வேண்டும். கூட்டலில் தவறு இருந்தால் அது வேறு. எனக்கு அது சரியாகப் பட்டது. முதலாம் வருட வகுப்புகளுக்கு நானே போய், தாளைப் போய்ப் பார்க்கலாம், கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பெண் கையைத் தூக்கி, "நிஜமாவே போகலாமாங்க அக்கா?" என்று கேட்டாள்.

சுண்ணக்கட்டி ஐயா, வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் பதினோரு பேர் உட்காருகிறோம். கால்குலஸ் பேப்பரில் தொடங்குகிறோம். எங்கே வர வேண்டும் என்று தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். பஸ் செலவை நீங்கள் போட வேண்டாம், கூப்பிட வண்டி வரும்.

சுண்ணக்கட்டி

வருகிறேன் கண்ணு. என்னிடம் பழைய கலைச்சொல் அகராதி ஒன்று இருக்கிறது, அட்டை கிழிந்திருக்கும். கொண்டுவருகிறேன்.

நொய்யல்கரை

கூடுதுறை, உங்கள் இன்டர்னல் என்றைக்கு? எங்களுக்கு 18-ஆம் தேதி தொடங்குகிறது. என் துறையில் இன்னும் இரண்டு பேர் விடைக்குறிப்பு ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பேர் கதவுக்கு முன்னால் நின்றார்கள், எத்தனை பேர் தாள் பார்க்க வந்தார்கள் என்று இரண்டு பக்கமும் எண்ணி இங்கேயே எழுதுவோம்.

கூடுதுறை

எங்களுக்கு 21, மேடம். எழுதுகிறேன்.